தோற்பவர் பெயருக்கு மூன்று எண்ணிக்கை

கடவுள் துணை

எட்டாம் தேதி, காலை

என் அன்பு மகள் சங்குக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அண்ணன் வீட்டிலும் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். அங்கே நீ சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், ஆனால் நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும், அப்படி ஆக்கியது யார் என்பதும் தெரியும், அதனால் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கடிதத்தோடு ஒரு நீல அட்டை நோட்டும், ஒட்டாத உறை ஒன்றும் வைத்திருக்கிறேன். அவற்றை இப்போது திறக்காதே. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, நின்றபடி படிக்காமல் உட்கார்ந்து, இதைக் கடைசி வரை படி.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போன புதன்கிழமை நீ அழுதுகொண்டே பேசினாயே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஏழு வருஷமாக அந்த நாட்டு ரெஸ்லிங் மேடையில் மைக்கைப் பிடித்து அறிவிப்புச் செய்தவளை இறக்கி உட்கார வைத்துவிட்டார்கள், இருபத்திரண்டாம் தேதி விசாரணை, அதில் என்ன முடிவு சொல்கிறார்களோ அதைப் பொறுத்துத்தான் நீ இனிமேல் மேடை ஏறுவதும் ஏறாததும் என்று சொன்னாய். யார் ஜெயிப்பார் என்று எழுதிய தாளை நீ யாருக்கோ வெளியே கொடுத்துவிட்டதாகச் சந்தேகப்படுகிறார்கள் என்றும் சொன்னாய். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி வைத்துவிட்டேன். கடவுள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், என்னை. இப்போது போன் போட்டால் நான் அழுவேன், நான் அழுதால் நீ உடனே விடும்மா, பரவாயில்லம்மா என்று என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாய். தப்புச் செய்தவள் தேறிவிடுவாள், பட்டவள் பட்டபடியே போனை வைப்பாள். அது வேண்டாம். எழுத்தில் இருந்தால் நீ கோபப்பட அவகாசம் இருக்கும்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் போனால் அதை எழுதக் கை வராது. அண்ணனுக்கு வரவிருந்த வேலை மாற்றல் நின்றுவிட்டது, அண்ணி மூச்சு விட்டாள். அவர்கள் பையனுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, சங்கு அத்தை என்று சொல்ல வராமல் தங்கு அத்தை, தங்கு அத்தை என்று உன் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறான். சமையலறைக் குழாய் சொட்டுவது நின்று ஒன்பது நாள் ஆகிறது, ஆனால் அடுத்தது குளியலறைக் குழாய் ஆரம்பித்திருக்கிறது, அது அதன் முறைக்காகக் காத்திருந்தது போல. அப்பாவுக்குப் புதிய காது மெஷின் வாங்கினோம். இரண்டு நாள் போட்டார், அதைப் போட்டால் நான் பேசுவதும் சேர்ந்து கேட்கிறது என்று கழற்றி டப்பாவில் வைத்துவிட்டார். முப்பது வருஷம் பட்டறையில் இரும்பு அறுக்கும் சத்தத்துக்கு நடுவே நின்ற காது, இனி அதைச் சொல்லி என்ன. நீ பிறந்த அன்று வீரிட்டு அழுத சத்தம் மட்டும் தனக்குத் தெளிவாகக் கேட்டது, ஆலைச் சங்கு மாதிரி இருந்தது என்று சொல்லித்தானே உனக்கு அந்தப் பெயரே வந்தது.

அந்தக் காதிலிருந்துதான் நான் சொல்ல வந்த விஷயமும் ஆரம்பிக்கிறது. நீ டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் வேலைக்குச் சேர்ந்து, ஒருநாள் அறிவிப்புச் செய்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் மைக் உன் கைக்கு வந்து, அப்படியே அதிலேயே நின்றுவிட்டபோது முதல் வருஷம் முழுவதும் நான் டி.வி. பக்கமே போகவில்லை. மனுஷனை மனுஷன் அடிப்பதைப் பார்ப்பதே பாவம், அதற்கு என் மகள் கட்டியம் கூறுகிறாளா என்று எனக்கு அருவருப்பு. அந்த வருஷம் உனக்கு எழுதிய நாலு கடிதத்திலும், நல்ல வேலை எப்போது தேடப்போகிறாய் என்று கேட்டிருக்கிறேன். நீ ஊருக்கு வந்தபோது துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என்னிடம் மாடியில் வைத்து மெதுவாகச் சொன்னாய். "அடி நிஜம்மா, வலி நிஜம். யார் ஜெயிக்கணுங்கறது மட்டும் முன்னாடியே பேசி வச்சது. கடைசியில தப்பான பேரைச் சொல்லிடக் கூடாதுன்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அந்தத் தாளை என் கையில குடுத்துடுவாங்க. இதை யார்கிட்டயும் சொல்லாதே, அப்பாகிட்டகூட." எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா, அங்கே யாரும் யாரையும் வெறுத்து அடிக்கவில்லை என்பதே போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பாவோடு நானும் உட்கார்ந்தேன்.

நீ கயிற்றுக்கு நடுவே குனிந்து உள்ளே வந்தாய், நிமிர்ந்தாய், எடையைச் சொன்னாய், ஊரைச் சொன்னாய், கடைசியில் அந்த ஆளின் பெயரை எடுத்துக் கையை உயர்த்தி இழுத்துப் பிடித்தாய். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பா உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, எவ்வளவு நேரம் பிடிக்கிறாள் என்று விரலால் கேட்டார். நான் என்ன செய்வேன், கடிகாரம் பார்த்துச் சொல்லும் அளவுக்கு நீண்ட நேரமும் இல்லை. மனதுக்குள் ஆண்டவா, ஆண்டவா என்று சொல்லி, ஒரு ஆண்டவாவுக்கு ஒரு விரல் என்று மடக்கிக் காட்டினேன். இரண்டு என்றதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நீ பெயரைப் பிடிக்கும்போதெல்லாம் அவர் டி.வி.யை விட்டு என் கையைத்தான் பார்ப்பார். உன் குரல் அவருக்கு என் விரலாகத்தான் போய்ச் சேர்ந்தது. சங்கு, எண்ண ஆரம்பித்தது இதற்காகத்தான். இதைச் சொல்வது என்னைக் காப்பாற்றிக்கொள்ள அல்ல, இதில் தப்பில்லாத பகுதி இது ஒன்றுதான், அதையாவது நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று.

என் குணம் உனக்குத் தெரியும், எதையும் எழுதி வைக்காமல் இருக்க முடியாது. பள்ளிக்கூடம் போகாமல் உன் அண்ணன் புத்தகத்தையும் உன் புத்தகத்தையும் பார்த்துக் கற்றுக்கொண்ட எழுத்து, அதைச் சும்மா விட மனசு வராது. இரண்டு வருஷத்துக்கு முன் நீல அட்டை நோட்டில் கட்டம் போட்டேன். தேதி, பெயர், எடை, நீ பிடித்த எண்ணிக்கை, கடைசியில் யார் ஜெயித்தது. அவர்கள் பெயர் வாயில் நுழையாததால் நானே பெயர் வைத்துக்கொண்டேன், குளிர்பெட்டி, தாடிக்காரன், ஏணி, இரட்டை நாடி என்று. குளிர்பெட்டிக்கு ஒரு மாதம் நூற்று முப்பது கிலோ என்றாய், மறுமாதம் நூற்று நாற்பத்திரண்டு என்றாய், நான் பதறிப்போய் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது நீர் கோத்துக்கொண்டதா என்று போனில் கேட்டேன், நீ சிரித்துச் சிரித்து, "அவர் இப்போ கதையில கெட்டவரா மாறிட்டாரும்மா, அதான் பன்னண்டு கிலோ கூட்டிட்டாங்க" என்றாய். அதையும் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன். போன வருஷம் ஒருநாள் பக்கங்களைக் கூட்டிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. ஜெயிக்கிறவர் பெயரை நீ இரண்டு எண்ணிக்கை பிடிக்கிறாய், தோற்கிறவர் பெயரை மூன்று. அறுபத்து மூன்று வாரம், அறுநூற்று முப்பது பெயர், அதில் பதினாறு மட்டும் பொருந்தவில்லை, அந்தப் பதினாறில் பத்து உனக்கு ஜலதோஷம் பிடித்த வாரத்தில் வந்தவை.

அதைக் கண்டுபிடித்ததும் உனக்குச் சொல்லியிருந்தால் நீ உன்னை மாற்றிக்கொண்டிருப்பாய், ஒன்றும் ஆகியிருக்காது. சொல்லவில்லை. எனக்கும் உனக்கும் நடுவே யாருக்கும் தெரியாத ஒரு நூல் இருப்பது போல இருந்தது, அதை அறுக்க மனம் வரவில்லை. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஞாயிறு காலையில் நம் வீட்டில்தான் இப்போது கூட்டம், மேல் மாடித் தையல்காரம்மா, கீழே மருந்துக்கடைக்காரர், மூன்றாம் மாடியில் புதிதாகக் குடிவந்த டிரைவிங் வாத்தியார். விளையாட்டாக ஒரு பந்தயம் வைத்தார்கள், கடைசி ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்று தப்பாகச் சொல்கிறவர்கள் அந்த வாரம் மாடிப்படி முழுவதையும் கழுவ வேண்டும், நாலு மாடி, அறுபத்தெட்டுப் படி. நான் பதினோரு வாரம் வாளியைத் தொடவில்லை. அந்தப் பதினோரு வாரத்தில் நாலு வாரம் கழுவியது தையல்காரம்மா, முழங்கால் வீங்கி இருக்கிறவள், ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து துடைத்தாள். தன்னோடு ஜெபத்துக்கு வரும் பெண்களிடமெல்லாம், "அந்தக்கா வாயில சாமி உக்காந்திருக்கு, சொன்னா சொன்னதுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் காதுபடவே சொன்னாள். நான் தலையைக் குனிந்து புன்னகை செய்தேன். ஆண்டவன் பெயரை அளவுகோலாக வைத்து எண்ணியது போதாதென்று, ஆண்டவன் சொன்னதாக நம்பவும் விட்டேன். இதற்கு அவரிடம் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அது என் பாடு.

இரண்டு மாதத்துக்கு முன் டிரைவிங் வாத்தியார் மூன்றாவது முறையாகத் தோற்றார். வாளியை எடுத்துக்கொண்டே எல்லோரும் கேட்கிற மாதிரி, "பொண்ணு சனிக்கிழமையே போன் போட்டு ஒப்பிச்சிடுதாக்கா? அப்புறம் நாங்க எதுக்கு இங்க வந்து உக்காரணும், நேரா படிக்கே போயிடறோமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், மருந்துக்கடைக்காரர்கூட. எனக்குச் சுருக்கென்றது. உன் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வந்ததில்லையே, அந்த நாணயத்தின் மேல் கை வைக்கிறானே என்று. "அவ சொல்லல. அவளுக்கே தெரியாது. அவ தொண்டை எனக்குத் தெரியும்" என்றேன். அவர் விடவில்லை, அதெப்படிக்கா, அதெப்படிக்கா என்றார். உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து மேஜையில் விரித்தேன்.

உன் பெயரைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று இந்த இடத்தில் முதலில் எழுதினேன். அடித்திருப்பது தெரிகிறதல்லவா, அது அந்த வரிதான். உன் பெயரைக் காப்பாற்ற வேண்டுமானால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம், இல்லை அந்த வாரம் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி வாளியைத் தூக்கியிருக்கலாம். நான் செய்தது பெருமைக்காக. மூன்று பேர் என் நோட்டைச் சுற்றிக் குனிந்து நின்று, ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டு, ஐயோ ஆமாம், ஐயோ ஆமாம் என்று சொன்னார்களே, அந்த ஐந்து நிமிஷத்துக்காக. என் எழுத்தை அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை, சங்கு.

டிரைவிங் வாத்தியார் கெட்டவர் இல்லை, வாய்தான் நீளம். ரெஸ்லிங் பைத்தியங்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் பக்கம் ஒன்று போனில் இருக்கிறதாம், அதில் போட்டுவிட்டார். சும்மா போட்டால் மதிக்க மாட்டார்கள் என்று, அறிவிப்பாளருக்கு மிக நெருங்கிய இடத்திலிருந்து கிடைத்த தகவல் என்று தலைப்பு வேறு. அந்தத் தலைப்புதான் உன்னை விசாரணையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. இதொன்றும் எனக்குத் தெரியாது. மூன்று வாரத்துக்கு முன் ஞாயிறு, நீ இரண்டாவது பெயரைப் பிடித்தபோது அரங்கத்தில் ஒரு மூலையிலிருந்து பத்துப் பேர் சேர்ந்து எண்ணுவது கேட்டது. புது வேடிக்கை போல என்று நினைத்தேன். அதற்கடுத்த வாரம் அரங்கமே எண்ணியது. நீ இருக்கும் நாட்டு மொழியில் எனக்குத் தெரிந்தது பத்து வரை எண்ணத்தான், அதனால் நன்றாகவே புரிந்தது. குளிர்பெட்டி கையை உயர்த்திக்கொண்டு நின்றார், நீ பெயரைப் பிடித்தாய், அத்தனை ஆயிரம் பேரும் ஒன்று, இரண்டு, மூன்று என்றார்கள், மூன்று என்றதும் கொல்லென்று சிரிப்பு. ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லை. அந்தப் பெரிய உடம்பு என்ன செய்வதென்று தெரியாமல் கையை மெல்லக் கீழே இறக்கியது. உன்னைப் பார்த்தார். நீ கையில் இருந்த தாளைப் பார்த்தாய். அப்பா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு மூன்றாவது விரல் மடங்கவில்லை. பிறகு குளிர்பெட்டி இருபது நிமிஷம் தூக்கி எறியப்பட்டு, விழுந்து, எழுந்து, தோற்பது எல்லோருக்கும் தெரிந்த ஆட்டத்தை முழுவதும் ஆடி முடித்தார். நான் எழுந்து போய்ச் சமையலறையில் நின்றேன்.

அதற்குப் பிறகுதான் உன் புதன்கிழமைப் போன். நீ இரண்டு வார்த்தை சொன்னாய், இரண்டும் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அம்மாகிட்டகூட ஒரு முடிவும் சொன்னதில்லைன்னு சத்தியம் பண்ணினேன்மா" என்றாய். பிறகு, "யாரும்மா இப்படி உக்காந்து எண்ணியிருப்பாங்க? அவங்களுக்கு என்மேல என்ன கோபம்?" என்றாய். கோபம் என்று நீ சொன்னபோதாவது வாயைத் திறந்திருக்கலாம். உன்னை அவ்வளவு கவனமாகக் கேட்கிற ஒருத்தி உலகத்தில் உன் எதிரியாகத்தான் இருக்க வேண்டும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்க, நான் போனை வைத்தேன்.

அன்று மாலையே மூன்றாம் மாடிக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் டிரைவிங் வாத்தியார் முகம் வெளுத்துவிட்டது. "ஒரு கெத்துக்குப் போட்டேன்க்கா, இப்படி ஆகும்னு சத்தியமா தெரியாது" என்றார். திட்ட வேண்டும் என்றுதான் படியேறினேன், கெத்து என்று அவர் சொன்னதும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன், அவர் சொன்னது என் காரணத்தையும்தானே. போட்டதை என் கண்ணெதிரே எடுத்தார், அதற்குள் அது எங்கெங்கோ போயாகிவிட்டது. தகவல் அறிவிப்பாளரிடமிருந்து வந்ததல்ல, டி.வி. பார்த்து எண்ணியதுதான், தலைப்பு தானே இட்டுக்கட்டியது என்று அதே பக்கத்தில் தன் பெயரோடு எழுதியும் போட்டார், யாரும் அதைப் படிப்பதாகத் தெரியவில்லை. தையல்காரம்மாவிடம் சாமியும் இல்லை ஒன்றும் இல்லை, எண்ணித்தான் சொன்னேன் என்றேன். அவள் நூலைக் கோத்துக்கொண்டே, "அப்போ என் முழங்காலை நீங்களும் சாமியுமா சேர்ந்து ஏமாத்தல, நீங்க மட்டுந்தானா" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், ஆனால் இந்த ஞாயிறு அவள் வரவில்லை.

அப்பாவுக்கு முழுசாக விளங்க வேண்டுமென்றால் எழுதித்தான் காட்ட வேண்டும். காலண்டர் தாளின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதினேன், முடிவு முன்கூட்டியே பேசி வைப்பது என்பதையும் எழுத வேண்டி வந்தது, நீ கேட்டுக்கொண்டதை அப்படியும் மீறினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். அவருக்குத் தன் சத்தம் தெரியாது, கட்டடம் முழுவதும் கேட்கிற மாதிரி சொன்னார். "முப்பது வருஷம் இரும்பைத் தூக்கி இறக்கினவனுக்கு எது தானா விழுது, எதைப் பிடிச்சு இறக்கறாங்கன்னு தெரியாதா? உனக்கு ஒரு ரகசியம் இருக்கறது சந்தோஷமா இருந்துச்சு, அதான் விட்டுட்டேன்." பிறகு, அவகிட்ட சொல்லிட்டியா என்று கேட்டார். நான் காலண்டர் தாளை மடித்து எடுத்துக்கொண்டேன். அதிலிருந்து இரண்டு நாள் தண்ணீர் டம்ளரைக்கூட என்னிடம் கேட்கவில்லை, தானே எழுந்து போய் எடுத்துக்கொண்டார். நேற்று பேனாவையும் இந்தத் தாள்களையும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தது அவர்தான்.

இன்னொன்று. பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்ததாகச் சொன்னாய், உண்மைதான், மூன்று பிடிக்கிறேன், ஆனால் ஏன் என்று எனக்கே தெரியவில்லை என்றாய். எனக்கு ஒன்று தோன்றுகிறது, தப்பாகவும் இருக்கலாம். நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஒப்புவித்தல் போட்டி, இருபத்து மூன்று பிள்ளைகள் மேடை ஏறினீர்கள், பரிசு வாங்கிய மூன்று பேர் பெயரைக் கூப்பிட்டுக் கூட்டத்தைக் கலைத்துவிட்டார்கள். நீ வீட்டுக்கு வந்து பரிசு வரவில்லை என்று அழவில்லை. மீதி இருபது பேர் பேரையும் ஒரு தடவை சொல்லியிருக்கலாமே, எல்லாரும்தானே ஏறினோம் என்று கேட்டாய். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தோற்றவர்கள் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, போய்க் கையைக் கழுவு என்றேன். நீ போய்க் கழுவினாய். உனக்கு இது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு நோட்டைக் கூட்டிய அன்றே ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தும் அதைத் தள்ளி வைத்துவிட்டுப் படிக்கட்டுப் பந்தயம் ஆடினேன்.

இப்போது நோட்டைத் திற. இது இரண்டு பக்கமும் வெட்டும் என்பதையும் யோசித்துவிட்டேன். இதை விசாரணையில் காட்டினால் நீ தாளை யாருக்கும் கொடுக்கவில்லை என்பது அப்பட்டமாகத் தெரியும், தேதியோடு, மை மாறியதோடு, எண்ணெய்க் கறையோடு இரண்டு வருஷக் கையெழுத்தை யாரும் ஒரு வாரத்தில் இட்டுக்கட்ட முடியாது. அதே சமயம், உன் குரல் முடிவைக் காட்டிக்கொடுக்கிறது என்பதற்கும் இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. நாணயத்தைக் காப்பாற்றி வேலையைக் கெடுக்குமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. காட்டுவதும் காட்டாததும் உன் முடிவு, நான் ஏற்கெனவே உன் காரியத்தில் தேவைக்கு மேல் முடிவெடுத்துவிட்டேன். உறையில் இருப்பது உன் மேனேஜருக்கு நான் எழுதிய கடிதம். செய்தது நான், என் மகளுக்கு இதில் எதுவும் தெரியாது என்று எழுதியிருக்கிறேன். நம் மொழியில்தான் எழுத முடிந்தது, நீதான் மாற்றிச் சொல்ல வேண்டும், சொல்லும்போது அம்மா என்று பார்த்து என் தப்பு வரும் இடங்களைக் குறைத்துவிடாதே, அதில் ஏழு இடம் இருக்கிறது, நான் எண்ணி வைத்திருக்கிறேன்.

அந்தக் கடிதத்தின் கடைசியில் ஒரு கணக்கும் எழுதியிருக்கிறேன், அதை மட்டும் விட்டுவிடாமல் படித்துக் காட்டு. ஜெயித்தவர் பெயரை நீ தொடக்கத்தில் ஒரு தடவை சொல்கிறாய், மணி அடித்து ஆட்டம் முடிந்ததும் இன்னொரு தடவை சொல்கிறாய், இரண்டு தடவையும் இரண்டு எண்ணிக்கை, ஆக நான்கு. தோற்றவர் பெயர் தொடக்கத்தில் ஒரே ஒரு தடவைதான், பிறகு அதை அன்று யாரும் சொல்வதில்லை. அதற்கு நீ மூன்று கொடுத்தாய். என் மகள் தோற்றவருக்குக் கூடுதலாக எதையும் கொடுத்துவிடவில்லை ஐயா, கணக்குப் பார்த்தால் இன்னும் ஒன்று குறைகிறது, என்று எழுதியிருக்கிறேன்.

உன்னைத் திரும்ப மேடை ஏறச் சொன்னால், அந்த மூன்றை இரண்டாகக் குறைத்துக்கொள் என்றுதான் முதலில் சொல்வார்கள். நீ சரி என்று தலையாட்டிவிடாதே. ஜெயிக்கிறவருக்கும் மூன்றாகப் பிடிக்கிறேன் என்று சொல், எவராலும் எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது, யாருடைய பெயரையும் வெட்டவும் வேண்டாம். உனக்கு மூச்சு கூடுதலாக வேண்டியிருக்கும், பெயரை எடுக்கும் முன் தோளை இறக்கி வயிற்றிலிருந்து இழு. குளிர்பெட்டியை எங்காவது பார்த்தால், அவரைச் சிரிப்புக்கு ஆளாக்கிய பெண்பிள்ளை தினமும் அவர் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்கிறாள் என்று சொல், அவருடைய உண்மையான பெயரை நான் இப்போது எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

கூரியர் நாலு நாளில் வந்து சேரும் என்று மருந்துக்கடைக்காரர் விசாரித்துச் சொன்னார். இருபத்திரண்டாம் தேதி காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பாதே, வெந்நீர் குடித்துவிட்டுப் போ, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், நடுக்கமாக இருந்தால் மேஜைக்குக் கீழே கைகளைக் கோத்துக்கொள். அதுவரை நான் போன் செய்ய மாட்டேன், நீயும் எனக்காகச் செய்ய வேண்டாம், சாப்பிட்டேன் என்று அண்ணனுக்கு ஒரு வரி மட்டும் தினமும் அனுப்பு. நீ நினைத்தது நடக்கவும், நடக்காவிட்டாலும் உன் தலை நிமிர்ந்திருக்கவும் ஆண்டவன் உனக்குத் துணை இருக்கட்டும். அப்பா தன் ஆசீர்வாதத்தைத் தனியாக எழுதச் சொன்னார், அவருடையது என்னுடையதோடு கலந்துவிடக் கூடாதாம்.

இவ்வளவு எழுதியும் எங்கேயும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, கவனித்திருப்பாய். மறந்து விட்டதல்ல. இப்போது கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், கொடுத்துவிட்டு அம்மா அழுவாளே என்ற நினைப்பையும் சேர்த்துச் சுமந்துகொண்டு அந்த அறைக்குள் போவாய். நீ உன் பாரத்தோடு மட்டும் போ. அங்கே என்ன முடிவானாலும் ஆகட்டும், மறுநாள் காலை நானே போன் செய்து கேட்கிறேன். கொடுக்க மனம் வரவில்லை என்றால் போனை எடுக்காதே, நான் அதற்கடுத்த நாளும் செய்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா